டெஸ்க்டாப்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர், மூணு நாளா சிங்க் ஐகான் சுத்திக்கிட்டே இருக்கு

பிழைதிருத்தி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. விண்டோஸ் 11 டெஸ்க்டாப், அதுல ஒரு கிளவுட் சிங்க் ஆப், அதாவது ஃபைலை இன்டர்நெட்ல ஏத்தி எல்லா மிஷின்லயும் ஒரே மாதிரி வைக்கிறது. எந்த கம்பெனினு சொல்லப்போறதில்ல, சொன்னா உடனே அதைத் தூக்கிப் போட்டுட்டு இதுக்கு மாறுன்னு நாலு பேர் கிளம்பிடுவீங்க, எனக்கு வேண்டியது மாறுறது இல்ல, இருக்கிறது ஓடணும்.

மூணு நாளா கீழ கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஐகான்ல ரெண்டு அம்புக்குறி சுத்திக்கிட்டே இருக்கு. கிளிக் பண்ணிப் பாத்தா "3 ஃபைல் பாக்கி"ன்னு காட்டும், கொஞ்ச நேரத்துல அது 14 ஆகும், அப்புறம் மறுபடி 3க்கு வரும். ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாம விட்டுப் பாத்துட்டேன், காலைல எழுந்து பாத்தாலும் அதே 3.

இதைவிடப் பெரிய குழப்பம் என்னன்னா, டெஸ்க்டாப்ல "தொகுப்பு"ன்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ஒரே இடத்துல, பக்கத்துல பக்கத்துல. பேருக்குப் பின்னாடி 1, 2 எதுவும் இல்ல, "காப்பி"ன்னும் இல்ல, அச்சு அசல் ஒரே பேர். விண்டோஸ் இதை எப்படி விட்டுச்சுன்னே புரியல, நாமளா அதே பேர்ல இன்னொண்ணு போட்டா ஏற்கெனவே இருக்குன்னு திட்டுமே. லேப்டாப்ல பாத்தா ஒண்ணுதான் இருக்கு, பிரவுசர்ல போய்ப் பாத்தாலும் ஒண்ணுதான். சரி ஒண்ணு வெட்டின்னு நெனச்சு டெஸ்க்டாப்ல ஒண்ணை டெலிட் பண்ணேன் பாருங்க, பத்து நிமிஷத்துல லேப்டாப்ல இருந்த ஒத்த ஃபோல்டரும் காணாமப் போச்சு. கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. பிரவுசர்ல குப்பைத்தொட்டிக்குள்ள போய் ரீஸ்டோர் பண்ணி மீட்டுட்டேன், ஆனா மறுபடியும் டெஸ்க்டாப்ல ரெண்டாதான் வந்து நிக்குது.

நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்துறேன், உள்ள இருக்கிறது இன்னொருத்தரோட நாலு வருஷ உழைப்பு. யாராவது வழி சொல்லுங்க.

வயர்_மாட்டுறவன்:

ப்ரோ முதல்ல அடிப்படையைப் பாத்துருவோம். கிளவுட்ல இடம் இருக்கா? நிறைய கணக்குல மெயிலுக்கும் போட்டோவுக்கும் ஃபைலுக்கும் சேர்த்து ஒரே கோட்டாதான், மெயில் பெட்டி ரொம்பினாலும் சிங்க் நின்னுடும், ஆனா அதை நேரா சொல்லாது. நெட்டை மீட்டர்டுன்னு, அதாவது டேட்டாவை அளந்து செலவு பண்ற கனெக்‌ஷன்னு, செட் பண்ணி வெச்சிருக்கீங்களான்னு பாருங்க, அப்படி இருந்தா பல ஆப் தானா பாஸ் (pause) ஆயிடும், தற்காலிகமா நின்னுடும். ஆண்டிவைரஸ் அந்த ஃபோல்டர்ல எழுத விடாம தடுக்குதான்னும் பாருங்க.

அப்புறம் சிரிக்காதீங்க, கடிகாரம் சரியா இருக்கா? என்கிட்ட ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்துச்சு, பிளக்கைப் பிடுங்கி மாட்டுனா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், சிங்க் ஆப் "கனெக்ட் ஆகுது கனெக்ட் ஆகுது"ன்னே நிக்கும். நான் ரவுட்டரைத் திட்டி, கேபிளை மாத்தி, ஒரு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போச்சுன்னு. தேதி தப்பா இருந்தா சர்வரோட செர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியே ஆகலைன்னு நெனச்சு உங்க மிஷின் பேச மறுத்துடும், அவ்ளோதான் விஷயம்.

சும்மா_எட்டிப்பாத்தேன்:

இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை. அக்கவுண்டை அன்லிங்க் பண்ணு, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணு, அந்த ஃபோல்டரை மொத்தமா டெலிட் பண்ணு, திரும்ப இன்ஸ்டால் பண்ணு. எல்லாம் கிளவுட்ல இருந்து இறங்கிடும். நான் எப்பவும் இப்படித்தான்.

பழைய_மானிட்டர்:

மேல சொன்னதைச் செஞ்சுடாதீங்க, தயவுசெஞ்சு!! "எல்லாம் கிளவுட்ல இருந்து இறங்கிடும்"னு சொல்றது, எல்லாம் ஏற்கெனவே மேல ஏறியிருந்தாத்தான். உங்களுக்கு ஏறலைங்கிறதுதானே பிரச்சினையே. பாக்கின்னு காட்டுற அந்த 14 ஃபைலோட புது வடிவம் உலகத்துலயே உங்க டெஸ்க்டாப்ல மட்டும்தான் இருக்கு, அதை டெலிட் பண்ணிட்டு எதை இறக்குவீங்க?

இதே யோசனையைக் கேட்டு நான் ஒருதடவை ரெண்டு மாச வேலையை விட்டேன். அன்லிங்க் பண்றதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸைப் பாக்கவே இல்ல, ஃபோல்டரை ஷிஃப்ட் டெலிட் வேற அடிச்சேன், புத்திசாலித்தனமா. திரும்ப இறங்குனது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இருந்த நிலைமை. ஆப் அன்னைக்கே நின்னுபோயிருக்கு, நான்தான் ஐகானைக் கவனிக்கல.

அதனால முதல் வேலை, சிங்க்கை பாஸ் பண்ணுங்க. அடுத்தது, ரெண்டு "தொகுப்பு"வையும் சிங்க் ஃபோல்டருக்கு வெளிய, முடிஞ்சா வேற டிஸ்க்குக்கு, காப்பி பண்ணுங்க. மூவ் இல்ல, காப்பி. சிங்க் ஃபோல்டர்ல இருந்து மூவ் பண்ணா ஆப்போட கண்ணுக்கு அது டெலிட், எல்லா மிஷின்லயும் போயிடும், உங்களுக்குத்தான் அனுபவம் ஆயிடுச்சே. வெளிய எடுத்து வைக்கிறப்போ ரெண்டுக்கும் வேற வேற பேர் குடுத்துடுங்க.

காப்பி பண்றப்போ ஒண்ணு கவனிங்க. ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா சைஸ்னு ஒண்ணு, சைஸ் ஆன் டிஸ்க்னு ஒண்ணு இருக்கும். ரெண்டாவது 0 பைட்ஸ்னு இருந்தா அநேகமா அது வெறும் பேர்ப்பலகைதான், உள்ளடக்கம் மேலதான் இருக்கு, காப்பி பண்றப்போதான் இறங்கும், நெட் இல்லைன்னா காப்பி பாதியில நிக்கும். அதனால முதல்ல "எப்பவும் இந்த மிஷின்ல வை"ன்னு இருக்கிற ஆப்ஷனைக் குடுத்து இறக்கிக்கிட்டு அப்புறம் காப்பி பண்ணுங்க. இறக்குறதுக்கு சிங்க் ஓடணும், அதனால பாஸ் அதுக்கப்புறம்.

சிங்க்கும் பேக்கப்பும் வேற வேற, ஒரு பக்கம் அழிச்சா மறுபக்கமும் அழிக்கிறதுதான் சிங்க்கோட வேலையே.

பிழைதிருத்தி:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ப்ரோ இல்லைங்க, அக்கான்னு வெச்சுக்கோங்க.

கிளவுட்ல பாதிக்கு மேல காலியா இருக்கு. கடிகாரம் சரி, மீட்டர்டு இல்ல, ஆண்டிவைரஸ் லாக்ல ஒண்ணும் காணோம். பழைய_மானிட்டர் சொன்ன மாதிரி ரெண்டையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டேன், "தொகுப்பு அ", "தொகுப்பு ஆ"ன்னு. மொத்தம் 212 ஃபைல். இப்பதான் மூச்சே வருது.

காப்பி பண்றப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அடிக்கடி 3ல இருந்து 14 ஆகுதுன்னு சொன்னேன்ல, எர்ரர் லிஸ்ட்டை விரிச்சுப் பாத்தா அந்த கூடுதல் 11ம் ஒரே ஆழமான ஃபோல்டருக்குள்ள இருக்கு. ஃபோல்டர் பேரைச் சொன்னா சிரிப்பீங்க, "இறுதி", அதுக்குள்ள "இறுதித் திருத்தம்", அதுக்குள்ள "இறுதியிலும் இறுதி", அதுக்குள்ள இருக்கிற ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் அத்தியாயத் தலைப்பு முழுசா பேரா இருக்கு. எழுத்தாளர்கள் தலைப்பைச் சுருக்கமா வைக்கவே மாட்டாங்க.

மிச்சம் 3 என்னன்னு இன்னும் புரியல. அந்த மூணும் ரெண்டு "தொகுப்பு"லயும் இருக்கு, ஒரே பேர்ல, உள்ள மட்டும் வேற வேற தேதி.

வயர்_மாட்டுறவன்:

அக்கா, 11க்குக் காரணம் நீளம்தான். விண்டோஸ்ல முழுப் பாதைக்கு 260ன்னு ஒரு பழைய வரம்பு, டிரைவ் எழுத்துல ஆரம்பிச்சு கடைசியில இருக்கிற ஒரு கண்ணுக்குத் தெரியாத முடிவுக் குறி வரைக்கும் சேர்த்து. விண்டோஸ் 10 காலத்துல இருந்து செட்டிங்ல இந்த வரம்பை எடுத்துவிடலாம், ஆனா அந்தந்த ஆப்பும் அதுக்கு ஒத்துக்கணும், நிறைய ஆப் ஒத்துக்கிறதில்ல. வரம்பைத் தளர்த்துறதைவிடப் பேரைச் சுருக்குறது நிம்மதி.

தமிழ்ல பேர் வெச்சா இந்த 260 நாம நெனைக்கிறதைவிடச் சீக்கிரம் தீந்துடும். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் கணக்கு. "புத்தகம்"னு கண்ணுக்கு 5 எழுத்துதான், மிஷினுக்கு 8. எண்ணிப் பாருங்க: ப, உகரக் குறி, த, புள்ளி, த, க, ம, புள்ளி.

அந்த ரெட்டை ஃபோல்டர்தான் எனக்கும் மண்டை காயுது.

எழுத்துரு_கிறுக்கன்:

ஒரு சந்தேகம், சின்ன சோதனை பண்ணிப் பாக்குறீங்களா? சிங்க் பாஸ்லயே இருக்கட்டும். முதல் "தொகுப்பு"ல எஃப்2 அடிச்சு ரீநேம் பெட்டியைத் திறங்க. கர்சரை "தொ"வுக்கு அடுத்து, "கு"வுக்கு முன்னாடி வைங்க. இப்போ பேக்ஸ்பேஸ் ஒரே ஒரு தடவை அடிங்க. என்ன மிஞ்சுதுன்னு பாத்துட்டு எஸ்கேப் அடிச்சு வெளிய வந்துடுங்க, சேவ் ஆகக்கூடாது. ரெண்டாவதுலயும் அதே மாதிரி.

பிழைதிருத்தி:

என்னங்க இது!!! ஒண்ணுல ஒரு பேக்ஸ்பேஸ் அடிச்சா "தகுப்பு" ஆகுது. இன்னொண்ணுல ஒரு பேக்ஸ்பேஸ் அடிச்சா "தெகுப்பு" ஆகுது, கால் மட்டும் போய் முன்னாடி இருக்கிற கொம்பு அப்படியே நிக்குது. நாலு தடவை மாத்தி மாத்திப் பாத்துட்டேன். பிழை திருத்துறதே என் பொழப்பு, ஒரு கால் புள்ளி விடமாட்டேன்னு பேரு, இது என் கண்ணுக்கே தெரியலையே.

எழுத்துரு_கிறுக்கன்:

கண்ணுக்குத் தெரியாதுங்க, திரையில ரெண்டும் ஒரே படம்தான்.

"தொ"வை கம்ப்யூட்டர்ல ரெண்டு விதமா எழுதி வைக்கலாம். த போட்டு, அதுக்கப்புறம் "ஒ" குறியை முழுசா ஒரே குறியீடா வைக்கிறது ஒரு வழி. இல்லைன்னா த போட்டு, எகரக் கொம்பு தனியா, கால் தனியான்னு ரெண்டா உடைச்சு வைக்கிறது இன்னொரு வழி. "தோ"வுக்கும் இதே கதை, ஔகாரக் குறிக்கும் இதே கதை. எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற பொதுத் தரம் யூனிகோடு, அதோட விதிப்படி ரெண்டும் சமம், எது வந்தாலும் ஒண்ணாத்தான் பாவிக்கணும். ஆனா "பாவிக்கணும்"ங்கிறது எல்லாருக்கும் பொருந்தும்னு விண்டோஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற என்டிஎஃப்எஸ்ங்கிற முறை நெனைக்கிறதில்ல. அதுக்குப் பேர்ங்கிறது வெறும் எண்களோட வரிசை. ஒண்ணு 8 எண், ஒண்ணு 9 எண், அப்போ வேற வேற ஃபோல்டர், அதுல அதுக்கு எந்த உறுத்தலும் இல்ல. அதனாலதான் "ஏற்கெனவே இருக்கு"ன்னு உங்களைத் திட்டல.

உங்க கிளவுட் சர்வரோ விதியை மதிச்சு ரெண்டையும் ஒரே பேராப் பாக்குது போல. பிரவுசர்ல ஒண்ணுதான் தெரியுதுன்னு சொன்னீங்களே, அதுதான் துப்பு. இப்போ டெஸ்க்டாப் ஆப்போட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கீழ ரெண்டு இருக்கு, மேல ஒரு இடம்தான் இருக்கு. ஒண்ணை ஏத்துனா இன்னொண்ணோட ஃபைல் மாறிப்போச்சுன்னு தோணும், அதை ஏத்துனா இது மாறிப்போச்சுன்னு தோணும். அந்த 3 ஃபைலும் ரெண்டு பக்கமும் வேற தேதியில இருக்கிறதால அதுல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க ஒண்ணை டெலிட் பண்ணப்போ "தொகுப்பு போயிடுச்சு"ன்னு மேல சொல்லிடுச்சு, மேல இருந்தது ஒண்ணுதானே, அது போச்சு, லேப்டாப்லயும் போச்சு.

இனி கேள்வி, உடைஞ்ச பேர் எங்க இருந்து வந்துச்சு? நீங்க விண்டோஸ்ல கீபோர்டுல அடிச்சா பெரும்பாலும் முழுக் குறியாத்தான் வரும். உங்களுக்கு யாராவது மேக்ல இருந்து ஜிப் அனுப்புறாங்களா?

பிழைதிருத்தி:

ஆமா!! எழுத்தாளர் மேக் வெச்சிருக்கார். ஒவ்வொரு தடவையும் ஜிப்பாத்தான் அனுப்புவார், நான் நேரா சிங்க் ஃபோல்டருக்குள்ளயே விரிப்பேன். "தொகுப்பு"ங்கிற முதல் ஃபோல்டர் நானே கையால உண்டாக்குனது. இப்பதான் ஞாபகம் வருது, போன தடவை விரிச்சப்போ ஏற்கெனவே இருக்கு, சேர்த்துடவான்னு கேக்கவே இல்ல, நான் அதைக் கவனிக்காம விட்டுட்டேன்.

எழுத்துரு_கிறுக்கன்:

அதேதான். மேக்ல 1998ல வந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ்னு ஒரு ஃபைல் சிஸ்டம், பேரை எல்லாம் உடைச்சுத்தான் சேமிக்கும். 2017ல ஏபிஎஃப்எஸ் வந்து அந்தக் கட்டாயத்தை விட்டுடுச்சு, ஆனாலும் உடைஞ்ச பேர் அந்தப் பக்கத்துல இருந்து இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. கொரியன் மொழிக்காரங்களுக்கு இது பழகிப்போன தலைவலி, மேக்ல இருந்து விண்டோஸுக்கு வந்தா அவங்க எழுத்து துண்டு துண்டா சிதறித் தெரியும், பாத்ததும் கண்டுபிடிச்சுடலாம். நமக்கு ஃபான்ட் ரெண்டு துண்டையும் அழகா ஒட்டிக் காட்டிடுது. அழகா இருக்கிறதுதான் நமக்கு வினை.

சரி பண்ற வழி. காப்பி வெளிய பத்திரமா இருக்குல்ல, நல்லது. அந்த 3 ஃபைலையும் ரெண்டு பக்கமும் திறந்து எது புதுசுன்னு நீங்களே கண்ணால பாத்து முடிவு பண்ணுங்க, தேதியை மட்டும் நம்பாதீங்க, சிங்க் சுத்துனதுல தேதி குழம்பியிருக்கலாம். எல்லாத்தையும் வெளி டிஸ்க்லயே ஒரே ஃபோல்டருக்குள்ள சேருங்க. அப்புறம் உடைஞ்ச பேரை எல்லாம் முழுசா அழிச்சுட்டுப் புதுசா அடிங்க, "தொ"வை மட்டும் திருத்துனா வேற எங்கயாவது ஒண்ணு தப்பிச்சுடும்.

கையால முடியாதுன்னா, விண்டோஸ்ல கட்டளை அடிச்சு வேலை வாங்குற பவர்ஷெல்ல ஸ்ட்ரிங்குக்கு (எழுத்து வரிசைக்கு) நார்மலைஸ்னு ஒரு மெத்தட் இருக்கு, உள்ள ஒண்ணும் குடுக்காமக் கூப்பிட்டாலே சேர்ந்த வடிவம்தான் வரும். எது உடைஞ்சதுன்னு கண்டுபிடிக்க பழைய பேரும் புதுப் பேரும் சமமான்னு கேக்காதீங்க, சமம்னு சொல்லி ஏமாத்திடலாம், ரெண்டோட நீளத்தையும் ஒப்பிடுங்க. ஆழத்துல இருக்கிறதுல இருந்து மேல வாங்க, மேல் ஃபோல்டர் பேரை முதல்ல மாத்துனா உள்ள இருக்கிறதோட பாதை எல்லாம் மாறிப்போய் பாதியில நின்னுடும். நேரா மாத்தாம நடுவுல ஒரு தற்காலிகப் பேர் குடுத்துட்டு அப்புறம் சரியான பேர் குடுத்தா இன்னும் நல்லது.

பென்குயின்_வீட்டுக்காரன்:

குறுக்க வர்றேன். லினக்ஸ்லயும் இது ரெண்டு ஃபோல்டராத்தான் நிக்கும், அதோட வேற ஒரு பொறியும் இருக்கு. அங்க ஒரு ஃபைல் பேருக்கு வரம்பு 255 பைட், எழுத்து இல்ல, பைட். எழுத்தை பைட்டா மாத்திச் சேமிக்கிற யூடிஎஃப் 8 முறையில தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 85 குறியீட்டுலயே கதை முடிஞ்சுடும். விண்டோஸ்ல ஜோரா இருந்த நீளப் பேர் இங்க சிங்க் ஆகாம எர்ரர் அடிக்கும். வீட்டுல ரெண்டும் வெச்சிருக்கிற ஆள் நான், தலைப்பை ஃபைல் பேரா வைக்கிற பழக்கத்தையே விட்டுட்டேன்.

சும்மா_எட்டிப்பாத்தேன்:

அடேங்கப்பா. நான் சொன்னதைச் செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

பழைய_மானிட்டர்:

திரும்ப ஒரே "தொகுப்பு"தான் இறங்கியிருக்கும், அந்த மூணு ஃபைல்ல யாரோட வடிவம் மேல ஏறுச்சோ அது மட்டும். பிரச்சினை தீந்த மாதிரி இருந்திருக்கும், அதுதான் பயம்.

பிழைதிருத்தி:

முடிஞ்சுது! ரெண்டு ராத்திரி உக்காந்தேன். அந்த மூணு ஃபைல்ல ரெண்டு சுலபம். மூணாவதுல ஆளுக்குக் கொஞ்சம் திருத்தம், ஒரு பக்கம் நான் போட்ட ஒற்று மிகுதல் எல்லாம் இருக்கு, இன்னொரு பக்கம் எழுத்தாளர் புதுசா சேர்த்த ரெண்டு பத்தி இருக்கு. வேர்டுல கம்பேர் போட்டு ஒண்ணாக்குனேன். மேல சொன்ன மாதிரி அன்இன்ஸ்டால் பண்ணியிருந்தா அந்த ரெண்டு பத்தி போயிருக்கும், அவர் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்சாலே வயித்தைக் கலக்குது.

212ல 41 பேர் உடைஞ்சது. பவர்ஷெல் நமக்கு ஒத்து வராதுன்னு கையாலேயே அடிச்சேன், பேக்ஸ்பேஸ் சோதனை ஒவ்வொண்ணுக்கும். "இறுதியிலும் இறுதி"யை எல்லாம் தூக்கிட்டு 01, 02ன்னு எண் மட்டும் குடுத்துட்டேன், தலைப்பு உள்ள இருக்கட்டும். எழுத்தாளர்கிட்டயும் சொல்லிட்டேன், இனி ஃபைல் பேர் எண்ணாத்தான் வரணும்னு, "என் தலைப்பு மேல உங்களுக்கு என்னம்மா கோவம்"னு கேட்டார், "தொ"ன்னு விளக்க ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன். ஜிப்பை இனிமே டவுன்லோட்ஸ்லயே விரிச்சு, பேர் பாத்துட்டுதான் உள்ள கொண்டுபோறது.

சிங்க் ஃபோல்டர்ல இருந்த ரெண்டையும் எடுத்துட்டு, சுத்தமான ஒண்ணை உள்ள வெச்சு, பாஸை விட்டேன். மடமடன்னு ஏறுச்சு, லேப்டாப்லயும் ஒரே "தொகுப்பு". கடைசியில "1 ஃபைல் பாக்கி"ன்னு மறுபடி சுத்த ஆரம்பிச்சதும் எனக்கு உயிரே போயிடுச்சு, அரை மணி நேரம் ஒவ்வொரு பேரா பேக்ஸ்பேஸ் அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த ஃபைலை வேர்டுல திறந்து வெச்சிருந்தது நான்தான். மூடுனதும் பச்சை டிக் விழுந்துடுச்சு.